கையெழுத்துப் போடாத ஒரு நர்சம்மாவின் திறந்த மடல்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவருக்கும், செயலாளருக்கும், மனுவில் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட நாற்பத்தொரு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழாப் பட்டிமன்றத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். ‘புவி வெப்பமடையப் பெரிதும் காரணம் மக்கள்தொகைப் பெருக்கமா, மனிதனின் பேராசையா?’ என்பது தலைப்பு. பெருக்கமே என்று நடுவர் தீர்ப்பளித்தார். “பூமித்தாய் எத்தனை பிள்ளைகளைத்தான் இடுப்பில் சுமப்பாள்?” என்று அவர் கேட்டபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். யார் நன்றாகப் பேசினாலும் தட்டிவிடுவேன், அது என் பழக்கம். சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

வாசலில் ஒரு மேசை, அதன்மேல் மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய ஒரு மனு. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்ற குடும்பங்களுக்கு ரேஷன் உள்ளிட்ட அரசுச் சலுகைகளை நிறுத்த வேண்டும், பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அதுவே வழி என்று அதில் இருந்தது. “முதல் கையெழுத்தே உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும் சிஸ்டர், வாழ்நாள் முழுவதும் குடும்பக் கட்டுப்பாட்டு வேலை பார்த்தவர் அல்லவா?” என்று செயலாளர் தம்பி பேனாவை நீட்டினார். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லி நழுவிவிட்டேன். அது பொய். கண்ணாடி கைப்பையில்தான் இருந்தது. அந்தப் பொய்யைச் சரிசெய்யத்தான் இந்த மடல். உங்களுக்கு ஒரு பிரதி, அறிவிப்புப் பலகைக்கு ஒரு பிரதி.

செயலாளர் தம்பி சொன்னது சரிதான். 1984-இல் கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்து 2017-இல் ஓய்வு பெற்றேன். முதல் பத்து ஆண்டுகள் ஆலங்குளம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையம். சுற்றியிருந்த சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், கால் எட்டும் தூரத்தில் தொட்டில். என்னிடம் ‘தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு’ என்று ஒரு தடித்த நோட்டு உண்டு. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, காப்பர் டி போட்டிருக்கிறதா, ஆபரேஷன் ஆகிவிட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆண்டுக்கு இத்தனை ஆபரேஷன் என்று இலக்கு வைத்திருந்தார்கள். ஜனவரி பிறந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மார்ச் 31-க்குள் எண்ணிக்கை வராவிட்டால் மெமோ. அந்தப் பெண்களைக் ‘கேஸ்’ என்றுதான் சொல்வோம். என் கேஸைப் பக்கத்து ஊர் நர்ஸ் தன் கணக்கில் அழைத்துப்போய்விட்டாள் என்று நான் இரண்டு நாள் அழுதிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முகாம் நாளில் விடிவதற்கு முன்பே வெறும் வயிற்றோடு பெண்களை வேனில் ஏற்றுவோம். மருத்துவர் வர மதியம் ஆகிவிடும். ஆபரேஷன் முடிந்தவர்களைப் பாய் விரித்து வரிசையாகப் படுக்கவைப்போம். மயக்கம் தெளியும்போது ஒருத்தி பிள்ளையைத் தேடுவாள், ஒருத்தி வாந்தி எடுப்பாள். மாலையில் ஊக்கத்தொகையைக் கையில் கொடுத்து, அதே வேனில் குலுங்கக் குலுங்க வீட்டில் கொண்டுபோய் விடுவோம். எங்கள் முகாம்களில் யாரும் இறக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன், பாதி அதிர்ஷ்டம். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் ஆபரேஷன் செய்தார். பதின்மூன்று பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முகாம் முறையையே மூன்றாண்டுகளுக்குள் கைவிட வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உங்கள் மேடையில் பேசிய ஆறு பேரில் ஐந்து பேர் ஆண்கள். அவர்களிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் சுமார் 83 லட்சம் பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வடக்கே பலரைப் பிடித்து இழுத்துப்போய்ச் செய்தார்கள். அடுத்த தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் போகத் துணியவில்லை, சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது நூற்றுக்கு 0.3. இந்த நாட்டில் பிறப்பு விகிதம் யாருடைய வயிற்றைக் கீறிக் குறைந்தது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கீறியதால் மட்டும் குறைந்தது என்றும் சொல்ல மாட்டேன். சேர்ந்த புதிதில், பீடி சுற்றும் ஒரு பெண்ணிடம் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். இலையை நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: “இரண்டு போதும் என்கிறீர்கள் நர்சம்மா. இரண்டும் பிழைக்கும் என்று எழுதித் தருவீர்களா?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 13. இடைப்பட்ட காலத்தில்தான் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டு நாங்கள் நடந்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் பிரசவம் பார்க்கத் தொடங்கினார்கள். சத்துணவு வந்தது; பெண் பிள்ளைகள் எட்டாவதைத் தாண்டினார்கள்; கல்யாண வயது தள்ளிப்போனது. எழுதித் தரச் சொன்ன அந்தப் பெண்ணின் மகள், நான் கேட்பதற்கு முன்பே, “எனக்கு இரண்டு போதும் சிஸ்டர்” என்றாள். அவளுக்கு நான் எந்தப் பாடமும் ஒப்பிக்கவில்லை.

‘வளர்ச்சியே சிறந்த கருத்தடை’ என்று 1974-இல் புக்கரெஸ்ட் மாநாட்டில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு அமைச்சர் கரண் சிங். இரண்டே ஆண்டுகளில், கல்வியும் வளர்ச்சியும் வரும்வரை காத்திருக்க முடியாது என்று மக்கள்தொகைக் கொள்கை வெளியிட்டவரும் அவரேதான். உங்கள் மனு இரண்டாவது கரண் சிங்கின் பக்கம் நிற்கிறது.

இனி உங்கள் பட்டிமன்றக் கணக்குக்கு வருகிறேன். ‘1951-இல் 36 கோடி, இன்று 140 கோடிக்கு மேல்’ என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விரல் விட்டு எண்ணினார். சரியான கணக்கு. மக்கள்தொகைக்கும் வெப்பத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கடந்த பத்தாண்டுகளில் கரியமில வாயு கூடியதற்கு முதன்மையான காரணங்களாகத் தனிநபர் வருமான வளர்ச்சியையும் மக்கள்தொகை வளர்ச்சியையும் ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2022 அறிக்கையில் சேர்த்தே சொல்கிறது. தாமிரபரணித் தண்ணீரைப் பத்துப் பேர் குடிப்பதும் நாற்பது பேர் குடிப்பதும் ஒன்றாகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆசிரியர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அதிலிருந்து ரேஷன் கடைக்குத் தாவியதில்தான் சண்டை.

சீனாவைப் பாருங்கள். 1980-ஐ ஒட்டி ஒரே பிள்ளை என்று சட்டம் போட்டார்கள். அபராதம், வேலை இழப்பு, கட்டாயக் கருக்கலைப்பு என்று உலகில் வேறு யாரும் செய்யாத அளவுக்குச் செய்தார்கள். 2015-இல் கைவிட்டார்கள். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர்களின் மக்கள்தொகை சுமார் 98 கோடியிலிருந்து சுமார் 138 கோடியாகியது. அரைப் பங்குகூடக் கூடவில்லை. ஆனால் அவர்கள் வெளியிட்ட கரியமில வாயு ஏறத்தாழ 150 கோடி டன்னிலிருந்து 1,000 கோடி டன் அளவுக்கு, ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நிலக்கரியை எண்ணாமல் விட்டால் இப்படித்தான் முடியும். (அந்த நிலக்கரியில் ஒரு பங்கு நம் வீட்டு மின்விசிறிக்கும் கைப்பேசிக்கும் எரிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது, காலம். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாக இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளும் நிலை 1990-களிலேயே வந்துவிட்டது. அப்படியும் 1991-இல் சுமார் 5.6 கோடியாக இருந்த நாம் 2011-இல் 7.2 கோடி ஆனோம். காரணம் எளிது. முன்பே பிறந்திருந்த பெண் குழந்தைகள் வளர்ந்து, கல்யாணமாகி, ஆளுக்கு இரண்டு பெற்றார்கள். ஓடும் ரயிலில் பிரேக் போட்டாலும் போட்ட இடத்திலேயே நின்றுவிடாது அல்லவா? கரியமில வாயு உமிழ்வை 2030-க்குள் பாதிக்குப் பக்கமாகக் குறைக்க வேண்டும், இந்த நூற்றாண்டின் நடுவில் நிகரப் பூஜ்யமாக்க வேண்டும், அதாவது வெளிவிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாக வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். உங்கள் மனுவை ஆட்சியர் ஏற்று, நாடு முழுவதும் சட்டமாகி, நாளையே மூன்றாவது பிள்ளை பிறப்பது நின்றுபோனாலும், 2030-இல் மின்சாரம் செலவிடப்போகும் கிட்டத்தட்ட அத்தனை பேரும் இன்று உயிரோடு இருப்பவர்கள்தான். நானும் நீங்களும்தான்.

ஓர் இந்தியரின் பங்காக ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன் கரியமில வாயு வெளியாகிறது. அமெரிக்கருக்கு அது பதினான்கு டன் அளவு. இந்த இரண்டு டன்னும் ஏமாற்றுகிற சராசரிதான். போன ஆண்டு மகன் என் அறையில் ஏசி மாட்டினான். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். மே மாதம் வந்ததும் அந்த வீறாப்பு போய்விட்டது. மணிக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள். இரவு எட்டு மணி நேரம், நான்கு மாதம் என்றால் ஆயிரம் யூனிட்டை நெருங்கும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. ஆக, என் ஒருத்தியின் தூக்கத்துக்கு முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு. பட்டிமன்றம் நடந்த நம் அரங்கத்தில் அன்று நான்கு ஏசி ஓடியது. குளிர் தாங்காமல் நான் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டுதான், பூமித்தாய் சுமக்க முடியாமல் தவிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

‘வடக்கத்தியர்கள் பெற்றுத் தள்ளுகிறார்கள், நாம் வெயிலில் சாகிறோம்’ என்று ஒரு பேச்சாளர் சொன்னதற்கும் பலத்த கைதட்டல். அந்தக் கைதட்டலில் நான் சேரவில்லை. பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி மூன்று குழந்தைகள், நமக்கு 1.8. இது 2019-21 கணக்கு. ஆனால் இந்தியாவிலேயே தலைக்கு மிகக் குறைவாக மின்சாரம் செலவிடும் மாநிலங்களில் பீகார் ஒன்று. நாமோ தேசிய சராசரிக்கு மேல். பாட்னாவில் பிறந்த குழந்தையால் பாளையங்கோட்டையில் வெயில் ஏறுகிறது என்றால், தூத்துக்குடியில் 1,050 மெகாவாட்டுக்கு நாம் எரிக்கும் நிலக்கரியின் புகை எங்கே போகிறது?

எதிரணியையும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ‘பேராசை, பேராசை’ என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னார்களே தவிர, யாருடைய பேராசை, எத்தனை டன் என்று ஒருவரும் சொல்லவில்லை. உலகின் வசதி படைத்த பத்தில் ஒரு பங்கினர்தான் மொத்த உமிழ்வில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் என்ற ஒரு வரியைச் சொல்லியிருந்தாலே நடுவர் தடுமாறியிருப்பார். அதற்குப் பதிலாக ஒருவர், வெயில் எப்போதும் இப்படித்தான் இருந்தது, சூடாகிறது என்பதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்றார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதுவும் வெள்ளைக்காரன் கட்டிவிட்டதா? ஒரு மழையை மட்டும் காட்டி இது பருவநிலை மாற்றம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பது பாடப்புத்தக அறிவியல். எண்ணிக்கை பொருட்டே இல்லை என்று அடம்பிடித்த இன்னொருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை வேண்டாம், அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று நினைத்தும் கருத்தடை வசதி கைக்கு எட்டாத மணமான பெண்கள் இந்தியாவில் இன்னும் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும், உடனே கிடைக்க வேண்டும். எந்த வெப்பமானியையும் பார்த்து அல்ல, அவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக. பெரியார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பிரித்துச் சொன்னார்: கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வது நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் குடும்ப நலனுக்காகவும், தாம் சொல்வது பெண்ணின் விடுதலைக்காக. பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு யாரும் இதைக் கற்றுத்தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் மக்கள்தொகை வெடிப்பைப் பற்றிக் கவலைப்பட்டார். சிறு குடும்பமே தேசபக்தி என்றார். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர், பிள்ளைகளைக் கூடுதலாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதே மாதம் தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், மக்கள்தொகைக்கு ஏற்ப நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரித்து நமக்கு எண்ணிக்கை குறையும் நிலை வந்தால் பதினாறும் பெற்றுத்தான் வாழ வேண்டுமோ என்று கேட்டார். தொகுதி பற்றிய கவலை நியாயமானது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் இடம் குறைந்தால் அது தண்டனைதான். ஆனால் டெல்லிக்கு வேண்டாம் என்றால் நிறுத்தவும், சென்னைக்கு வேண்டும் என்றால் திறக்கவும் கருப்பை என்ன மேட்டூர் மதகா? முப்பத்து மூன்று ஆண்டுகள் அந்த மதகை மூடும் பக்கத்தில் நின்றவள் என்பதால் எனக்கு இதைக் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, மனுவுக்கு வருகிறேன். அது சட்டமானால் நம் குடியிருப்பில் யாருக்கு வலிக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரில் மூன்று பிள்ளைகள் உள்ளவர் ஒருவர். அவர் ரேஷன் வாங்குவதில்லை. எனக்குத் தெரிந்து இந்த வளாகத்தில் அடிபடக்கூடியது ஒரே ஒரு வீடு, அதுவும் வளாகத்துக்கு வெளியே இருக்கிறது: நம் படிக்கட்டுகளைத் துடைக்கிற அம்மாவின் வீடு. அவளுக்கு மூன்று பிள்ளைகள். பின்வருவதை அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளையோடு அவள் அரசு முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டாள். அது பலிக்கவில்லை. அரிதாக இப்படி ஆகும். என் பதிவேட்டிலும் அப்படி இரண்டு பேர் உண்டு. மூன்றாவது, பையன், இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான். 2023 வெள்ளத்தில் ஆற்றோரம் இருந்த அவர்கள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர். அரிசி மூட்டையோடு போயிற்று, பாத்திரம் போயிற்று, பையனின் புத்தகங்கள் போயின. அன்று நம் மாடிக்கு வந்தது இருபது மணி நேர மின்தடை மட்டும். மனுவின்படி, வெப்பத்தைக் கூட்டிய குற்றத்துக்காக அவள் வீட்டு அரிசியை நிறுத்த வேண்டும்.

வரும் ஞாயிறு மாலை நிர்வாகக் குழுக் கூட்டம் என்று அறிவிப்பைப் பார்த்தேன். ஒரு சின்ன வேண்டுகோள். வருகிறவர்கள் கடந்த இரண்டு மாத மின்கட்டண ரசீதைக் கையோடு கொண்டு வாருங்கள். என் வீட்டில் நான்கு பேர், 640 யூனிட். ஆளுக்கு 160. அந்த அம்மாவின் வீட்டில் ஐந்து பேர், 90 யூனிட். ஆளுக்கு 18, நூறு யூனிட்டுக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. அவளுடைய ரசீதை வாங்கி வைத்திருக்கிறேன். எல்லா ரசீதுகளையும் மேசையில் பரப்பிவிட்டு, செயலாளர் தம்பி மனுவை ஒரு முறை உரக்க வாசிக்கட்டும். அதற்குப் பிறகும் அதை ஆட்சியருக்கு அனுப்ப விரும்புகிறவர்கள் அனுப்பலாம். மாடியில் சூரிய மின்தகடு பொருத்துவது பற்றி இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வரும் தீர்மானத்தை அன்று எடுப்பதாக இருந்தால், அதற்கு முதல் கையெழுத்து என்னுடையது. இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டே வருகிறேன். சுண்டலும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, கிழக்குப் பக்க வீடு
கிராம சுகாதார செவிலியர் (ஓய்வு)